ஆற்றுப்படையும் அனுமதியும்: முனையத்தில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் உதவியாளர்களின் தொடக்க வழிகாட்டிகள் – ஒரு திறனாய்வு

ஆய்வுச் சுருக்கம்

கணினியின் கட்டளை முனையத்தில் இயங்கி, கோப்புகளைப் படித்து, நிரலை எழுதி, அதனை இயக்கியும் காட்டும் செயற்கை நுண்ணறிவு உதவியாளர்கள் 2025ஆம் ஆண்டில் பரவலாகப் புழக்கத்திற்கு வந்தன. இவற்றைப் பயன்படுத்தத் தொடங்குவோருக்கென எழுதப்பட்ட வழிகாட்டிகளை ஓர் எழுத்துவகையாகக் கொண்டு இக்கட்டுரை திறனாய்கிறது. ஆற்றுப்படை மரபும், 1978இல் வெளிவந்த சி மொழி நூலின் தொடக்கப் பகுதியும் ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளப்பட்டுள்ளன. நிரல் எழுதும் வேலை கருவியின் கைக்குச் சென்றபின் தொடங்குவோருக்கு எஞ்சுவது, எழுதப்பட்டதை வாசித்து அனுமதிக்கும் வேலையே ஆகும். வழிகாட்டிகள் அவ்வேலையைக் கற்பிக்காமல் விடுகின்றன. தமிழ்ப் பனுவல் ஆய்வில் இவ்விடுபாடு பிழையான தரவாக வெளிப்படும் முறை சொல்லடைவுப் பணி ஒன்றின்வழி விளக்கப்படுகிறது.

திறவுச்சொற்கள்: கணினித்தமிழ், நிரல் உதவியாளர், முனையம், ஆற்றுப்படை, சொல்லடைவு, ஒருங்குறி

முன்னுரை

தமிழ்த்துறைகளில் பனுவல்களைக் கணினிகொண்டு ஆராய விழைவோருக்கு நிரலாக்கம் நெடுங்காலமாகத் தடையாக இருந்து வந்துள்ளது. சொல்லடைவு, தொடரடைவு, சொல் நிகழ்வெண், பாடவேறுபாட்டு ஒப்பீடு ஆகிய பணிகளுக்குக் கணினித்துறை நண்பர் ஒருவரின் ஓய்வு நேரத்தை எதிர்நோக்கியிருப்பதே பலருக்கும் நேர்ந்த வழி. அந்நண்பருக்கு யாப்பு தெரியாது. ஆய்வாளருக்கு நிரல் தெரியாது. இடைப்பட்ட இடைவெளியில் பல ஆய்வுத் திட்டங்கள் கைவிடப்பட்டுள்ளன.

இந்நிலையில்தான் புதிய கருவிகள் வந்துள்ளன. 2021இல் முன்னோட்டமாக வெளிவந்த கிட்ஹப் கோபைலட், நிரலாளர் தட்டச்சிடும் வரியை நிறைவு செய்து தரும் உதவியாகத் தொடங்கியது. 2023இல் வந்த எய்டர், முனையத்திலிருந்தே உரையாடி நிரலை மாற்றும் வழியைத் திறந்தது. 2025இல் பிப்ரவரியில் கிளாட் கோடின் முன்னோட்டமும், ஏப்ரலில் கோடெக்ஸின் முனைய வடிவமும், ஜூனில் ஜெமினியின் முனைய வடிவமும் வெளியாயின. முனையம் என்பது சுட்டியையும் படவுருக்களையும் சாராமல், கட்டளைகளைத் தட்டச்சிட்டுக் கணினியை இயக்கும் இடம். அங்கே இயங்கும் உதவியாளர், விடையைச் சொல்லிவிட்டு நின்றுவிடுவதில்லை. கோப்புறையைத் திறந்து பார்க்கிறது. கோப்பை உருவாக்குகிறது, திருத்துகிறது. கட்டளையை இயக்கி, வந்த பிழைச்செய்தியைப் படித்து, மீண்டும் திருத்துகிறது. இயல்பான மொழியில், தமிழிலும்கூட, வேண்டியதைச் சொன்னால் போதும் என்பது இவற்றின் கவர்ச்சி.

இக்கவர்ச்சியில் உண்மை உண்டு. நிரலாக்கம் அறியாத தமிழாய்வாளர் ஒருவர் ஒரே மாலையில் சொல் நிகழ்வெண் பட்டியலைப் பெற்றுவிட இயலும். அப்பட்டியல் சரியானதா என்பதை அவர் எவ்வாறு அறிவார் என்னும் வினாவே இக்கட்டுரைக்கு அடிப்படை. கருவிகளின் திறனை மதிப்பிடுவது இங்கு நோக்கமன்று. மாதந்தோறும் மாறும் திறனை மதிப்பிட்டுப் பயனும் குறைவு. அவற்றுக்குள் நுழையும் வாயிலாக அமைந்த தொடக்க வழிகாட்டி என்னும் எழுத்தே ஆய்வுப்பொருள்.

பேசுபவர் யார்

இவ்வழிகாட்டிகள் பெரிதும் ஒரே நடையின. கருவியை நிறுவுக, கணக்கில் நுழைக, திட்டக் கோப்புறைக்குச் செல்க, கருவியின் பெயரைத் தட்டச்சிடுக, கேட்கத் தொடங்குக. ஏவல் வினைகள் அடுக்கடுக்காக வர, வாசகர் ஓரிடத்திலும் தங்காமல் நகர்த்தப்படுகிறார். முடிவில் ஒரு வியப்பு காத்திருக்கிறது: கேட்டது கிடைத்துவிட்டது.

வழிச்சொல்லி அனுப்பும் இவ்வகை எழுத்துத் தமிழ் வாசகருக்குப் புதிதன்று. ஆற்றுப்படை, பரிசில் பெற்றுத் திரும்பும் கலைஞர் எதிர்ப்படும் வறிய கலைஞரைப் புரவலரிடம் ஆற்றுப்படுத்தும் துறை. தொல்காப்பியப் புறத்திணையியல் இதற்கு இலக்கணம் வகுக்கிறது. பத்துப்பாட்டின் சரிபாதி இத்துறையைச் சேர்ந்தது. இவ்வொப்பீட்டை வெறும் உவமையாகக் கொள்ளாமல் அளவுகோலாகவே கொள்ளலாம். ஏனெனில் இத்துறையின் உயிர்நிலை பேசுபவரின் தகுதியில் இருக்கிறது. அவர் அவ்வழியே போய் வந்தவர், பெற்றவர், கேட்பவரைப் போன்றே முன்பு வறுமையில் இருந்தவர்.

கருவிகளின் தொடக்க வழிகாட்டிகளில் பேசுபவர் புரவலரே. கருவியை உருவாக்கி, அதற்குக் கட்டணமும் பெறும் நிறுவனமே வழியையும் சொல்கிறது. இது குற்றமன்று, பயன்பாட்டுக் குறிப்பு எழுத வேண்டியவர் உற்பத்தியாளர்தாம். ஆயினும், புரவலர் வழி சொல்லும்போது வழியின் இடர்கள் சுருங்கி வாயிலின் அழகு விரியும் என்பதை வாசகர் உணர்ந்திருத்தல் நன்று.

பத்துப்பாட்டு ஆற்றுப்படைகளுள் இவ்விடத்தில் நினைக்கத்தக்கது கூத்தராற்றுப்படை எனப்படும் மலைபடுகடாம். பெருங்கௌசிகனார் நன்னனிடம் கூத்தரை ஆற்றுப்படுத்தும் இப்பாட்டின் 583 அடிகளில் கணிசமான பகுதி வழியின் இடர்களுக்கே ஒதுக்கப்பட்டுள்ளது. பன்றிக்கு வைத்த பொறிகள் இருக்கும் இடம், பாம்பு உறையும் குழிகள், தினைப்புனம் காப்போர் யானையை ஓட்ட எறியும் கவண்கல், வழுக்கும் பாறை எனப் புலவர் ஒவ்வொன்றாக எடுத்துரைத்து, அவ்வவ்விடத்தில் எப்படி நடக்க வேண்டும் என்றும் சொல்கிறார். நன்னனின் கொடைச் சிறப்பு இதனால் குறைவுபடவில்லை. கவண்கல் பற்றிய எச்சரிக்கையைத் தனி ஏட்டில் எழுதி, வேண்டுவோர் தேடிப் படித்துக்கொள்க என்று அவர் விட்டுவிடவில்லை என்பதே நோக்கத்தக்கது. கருவிகளின் பாதுகாப்புக் குறிப்புகளும் அனுமதி விதிகளும் எழுதப்படாமல் இல்லை, நன்றாகவே எழுதப்பட்டுள்ளன. ஆனால் பெரும்பாலும் வேறு பக்கத்தில் இருக்கின்றன. வழிநடப்பவர் அப்பக்கத்தைத் திறப்பது ஏதேனும் தவறியபின்தான்.

1978இன் தொடக்கம்

பிரையன் கெர்னிகனும் டென்னிஸ் ரிச்சியும் எழுதிய சி நிரலாக்க மொழி நூல் 1978இல் வெளிவந்தது. அதன் முதல் இயலின் முதற்பகுதிக்கு ஆசிரியர்கள் இட்ட தலைப்பும் தொடங்குதல் என்பதே. உலகுக்கு வணக்கம் சொல்லும் சிறு நிரல் அங்குதான் புகழ்பெற்றது. அப்பகுதியின் கருத்து எளியது: ஒரு நிரல்மொழியைக் கற்க அம்மொழியில் நிரல் எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை. நிரலின் உரையை ஓரிடத்தில் எழுதி, மொழிமாற்றி, ஏற்றி, இயக்கி, வெளியீடு எங்கே போயிற்று என்று கண்டுபிடிப்பதே முதல் தடை என்றும், அதைத் தாண்டிவிட்டால் மற்றவை ஒப்பளவில் எளியவை என்றும் அவர்கள் கூறுகின்றனர்.

இங்கும் பேசுபவருள் ஒருவர் அம்மொழியை உருவாக்கியவரே. எனவே புரவலர் பேசுவதால் மட்டுமே வழிகாட்டி குறைபடும் எனக் கொள்ள இயலாது. வேறுபாடு வினைச்சொல்லில் இருக்கிறது. 1978இன் வாசகர் எழுதுகிறார். திரையில் என்ன தோன்ற வேண்டும் என்பது அவருக்கு முன்பே தெரியும். தோன்றியதும் தாம் எழுதியது சரியென அறிகிறார். எதிர்பார்ப்பும் சரிபார்ப்பும் அவர் கையிலேயே உள்ளன. அந்நிரல் பயனற்றது என்பதுதான் அதன் சிறப்பு. அதில் ஏமாறுவதற்கு எதுவும் இல்லை.

புதிய வழிகாட்டியின் வாசகர் கேட்கிறார், கருவி எழுதுகிறது. கிளாட் கோடின் தொடக்க வழிகாட்டி பரிந்துரைக்கும் முதற்கேள்விகளுள் ஒன்று, இத்திட்டம் என்ன செய்கிறது என்பது. ஏற்கெனவே ஒரு நிரல் திட்டம் வைத்திருக்கும் நிரலாளரே இவ்வழிகாட்டியின் உட்கிடை வாசகர் என்பதை இக்கேள்வி காட்டிக்கொடுக்கிறது. அவருக்கு விடை முன்பே தெரியும். கருவி சொல்வதைத் தம் அறிவோடு ஒப்பிட்டுக்கொள்வார். அவ்வகையில் அது நல்ல முதற்கேள்வி. திருக்குறள் உரைக்கோப்பு ஒன்றை மட்டும் வைத்திருக்கும் தமிழாய்வாளருக்கு அக்கேள்வியால் கிடைப்பது ஒன்றுமில்லை. அவர் நேரே வேலையைக் கேட்டுவிடுவார். ஒப்பிட்டுப் பார்க்கும் படி அங்கேயே நழுவிவிடுகிறது.

அனுமதி என்னும் வினை

எழுதுதல் கைமாறியபின் மனிதரிடம் எஞ்சும் வினை அனுமதித்தல். கிளாட் கோடைச் சான்றாகக் கொண்டால், தான் நிற்கும் கோப்புறையிலுள்ள கோப்புகளைப் படிக்க அது அனுமதி கேட்பதில்லை. கோப்பை மாற்றவும் மாற்றம் விளைவிக்கக்கூடிய கட்டளைகளை இயக்கவும் கேட்கிறது. நீக்கப்படும் வரிகளும் சேர்க்கப்படும் வரிகளும் வண்ண வேறுபாட்டுடன் திரையில் வருகின்றன. கீழே விடைகள்: சரி, சரி, இனிக் கேட்க வேண்டாம், வேண்டாம்.

நடுவிலுள்ள விடையே பெரும்பாலோரை ஈர்க்கும். பத்தாம் முறை அதே வினா வரும்போது படிக்காமலே விரல் விசையைத் தொடும். கோடெக்ஸின் முனைய வடிவம் வெளிவந்தபோது பரிந்துரை மட்டும், தானியங்கித் திருத்தம், முழுத் தானியக்கம் என மூன்று நிலைகளை வைத்திருந்தது. கிளாட் கோடில் எல்லா அனுமதி வினாக்களையும் ஒருசேரத் தவிர்க்கும் தெரிவின் பெயரிலேயே ஆபத்து என்னும் சொல் சேர்க்கப்பட்டுள்ளது. பெயரிலேயே எச்சரிக்கையைப் பொதித்த இவ்வேற்பாடு பாராட்டத்தக்கது. வழிகாட்டிகளின் உரைநடையைவிட இவ்வொரு பெயர் மிகுதியாகக் கற்பிக்கிறது எனலாம்.

வேறுபாட்டுக் காட்சியை வாசிக்கக் கற்பது எப்படி? இதற்குத் தொடக்க வழிகாட்டிகளில் விடையில்லை. நிரலாளருக்கு அது அன்றாடப் பழக்கம் என்பதால் சொல்லப்படவில்லை. நிரலாளரல்லாத ஒருவர் முப்பது வரிப் பைத்தான் நிரலை எதிர்கொள்ளும்போது ஒவ்வொரு குறியின் பொருளையும் அறிய வேண்டியதில்லை. எங்கே தம் துறையைச் சார்ந்த முடிவு எடுக்கப்பட்டிருக்கிறது என்று கண்டறிந்தால் போதும். எழுத்து எது, சொல் எது, எது ஒன்றுக்கொன்று சமம், எது முன் எது பின் என்னும் முடிவுகள் அவை. இம்முடிவுகள் நான்கைந்து வரிகளில்தான் இருக்கும். அவ்வரிகளைத் தமிழில் விளக்குமாறு கருவியையே கேட்கலாம், அது விளக்கும்.

ஒரு சொல்லடைவு முயற்சி

ஆய்வாளர் ஒருவர் திருக்குறளின் சீர் பிரித்த மின்பதிப்பு ஒன்றை எடுத்துக்கொண்டு, சொல் நிகழ்வெண்ணும் அகரவரிசைப் பட்டியலும் வேண்டுமெனக் கேட்கிறார் எனக் கொள்ளலாம். கருவி பைத்தான் மொழியில் நிரல் எழுதி, இயக்கி, பட்டியலை வெளியிட்டுவிடும். இடையில் குறைந்தது நான்கு முடிவுகள் ஆய்வாளரைக் கேளாமலே எடுக்கப்பட்டிருக்கக்கூடும்.

முதலாவது, சொல்லின் எல்லை. ஆங்கில நிரல் பாடங்களில் உரையைச் சொற்களாகப் பிரிக்க வழங்கும் வழக்கமான குறி, பின்சாய்கோடும் டபிள்யூ எழுத்தும் சேர்ந்தது. சொல்லுக்குரிய எழுத்து எதுவாயினும் இக்குறி பொருந்தும் என்பது கோட்பாடு. பைத்தானுடன் இயல்பாக வரும் ஆர்இ தொகுதியில் இக்குறி உயிர்மெய்யின் துணைக்குறிகளுக்கும் புள்ளிக்கும் பொருந்துவதில்லை. அதனால் தமிழ் என்னும் சொல் தம, ழ என இரண்டு துண்டாகும். அம்மா என்பது அம, ம என்றாகும். மரம் என்பதன் இறுதிப் புள்ளி உதிர்ந்து மரம என நிற்கும். இத்துண்டுகள் பட்டியலில் வந்தால் தமிழறிந்தவர் எவரும் உடனே கண்டுகொள்வர். ஆனால் பட்டியலைக் கண்ணால் பார்க்காமல், மொத்தச் சொற்கள் இத்தனை என்னும் எண்ணை மட்டும் ஆய்வேட்டில் சேர்ப்பவர் கண்டுகொள்ளமாட்டார்.

இங்குத்தான் தமிழாய்வாளரின் சொந்த அறிவு கைகொடுக்கிறது. குறள் 1330, ஒவ்வொன்றிலும் சீர் 7, ஆக 9310. நிரலைக் கேட்பதற்கு முன்பே இவ்வெண் அவர் கையில் இருக்கிறது. இடைவெளியைக் கொண்டு பிரித்த நிரல் 9310 என்று காட்டாவிட்டால், அதிகாரத் தலைப்புகளும் குறள் எண்களும் கணக்கில் நுழைந்திருக்கலாம். அல்லது பதிப்பில் சீர்ப்பிரிப்பு தவறியிருக்கலாம். அல்லது மேற்சொன்னவாறு சொற்கள் உடைந்திருக்கலாம். எதுவாயினும் தேடத் தொடங்கும் இடம் கிடைத்துவிடுகிறது. 1978இன் வாசகர் உலகுக்கு வணக்கம் என்னும் தொடரைத் திரையில் எதிர்பார்த்திருந்ததற்கு நிகர் இது.

சீர் சொல் ஆகாது என்பதும் இவ்விடத்தில் எழும். வெண்பாவில் ஒரு சொல் இரு சீர்களில் பிளவுண்டு நிற்கலாம். இரு சொற்கள் புணர்ந்து ஒரு சீராகலாம். இடைவெளியைக் கொண்டு எண்ணிய நிரல் எண்ணியது சீர்களை. அப்பட்டியலுக்குச் சொல் நிகழ்வெண் எனத் தலைப்பிடுவது பிழை. இப்பிழையை எந்தக் கருவியும் தானாகச் சுட்டும் என எதிர்பார்க்க இயலாது. கேட்டால் சொல்லக்கூடும். கேட்பதற்கு யாப்பறிவு வேண்டும்.

இரண்டாவது, சமம் என்பதன் பொருள். ஒருங்குறியில் கொ என்னும் எழுத்தை இரு வகையில் எழுதலாம். ககரத்தை அடுத்து ஒகரத் துணைக்குறி ஒன்றே வருவது ஒருவகை. எகரத் துணைக்குறியும் காலும் தனித்தனியே வருவது மற்றொருவகை. திரையில் இரண்டும் ஒன்றே போல் தோன்றும். நிரலுக்கு அவை வேறு வேறு. பழைய குறியாக்கங்களிலிருந்து மாற்றப்பட்ட கோப்புகளும் புதிதாகத் தட்டச்சிட்ட கோப்புகளும் கலந்திருக்கும் தொகுப்பில், கொடை என்பது இருமுறை இருவேறு எண்ணிக்கைகளுடன் இடம்பெறும். 9310 என்னும் சரிபார்ப்பு இதனைப் பிடிக்காது. மொத்தம் மாறவில்லை, தனிச்சொற்களின் எண்ணிக்கையே கூடியிருக்கிறது. ஒருங்குறி இயல்பாக்கம் என்னும் ஒரு படியை நிரலின் தொடக்கத்தில் சேர்த்தால் தீரும். சேர்ப்பதற்கு முன்னும் பின்னும் தனிச்சொல் எண்ணிக்கையைக் காட்டுமாறு கேட்பது நன்று. வேறுபாடு இருந்தால் கோப்பில் கலப்பு இருந்ததென அறியலாம்.

மூன்றாவது, வரிசை. ஒருங்குறியின் எண் வரிசையும் தமிழ் நெடுங்கணக்கும் ஒன்றல்ல. நெடுங்கணக்கில் ய, ர, ல, வ, ழ, ள, ற, ன என முடியும் வரிசை, ஒருங்குறி எண்களின்படி ன முன்னே சென்று நகரத்தை அடுத்து நிற்க, பின்னர் ய, ர, ற, ல, ள, ழ, வ என அமைகிறது. வலி, வழி, வளி, வனம் என்னும் நான்கும் நிரலின் இயல்பான வரிசையாக்கத்தில் வனம், வலி, வளி, வழி என வரும். இப்பிழை எளிதில் மறையக்கூடியது. மொழிமுதலில் வரும் தமிழ் எழுத்துகளின் வரிசை இரண்டிலும் ஏறத்தாழ ஒத்துப்போவதால், பட்டியலை மேலோட்டமாகப் புரட்டுவோர்க்கு எல்லாம் முறையாகத் தோன்றும். இரண்டாம் எழுத்திலிருந்தே குழப்பம் தொடங்குகிறது.

நான்காவது, எழுத்தின் எண்ணிக்கை. எழுத்தெண்ணிப் படித்தல் என்னும் வழக்குடைய மொழியில் இது வேடிக்கையான இடம். தமிழ் என்னும் சொல்லின் நீளத்தைப் பைத்தானைக் கேட்டால் 5 என்னும். எழுத்துகள் 3. முனையத்தின் பழைய எண்ணும் கட்டளை பைட்டுக் கணக்கில் 15 என்னும். இலக்கண நோக்கில் மெய்யையும் உயிரையும் பிரித்தால் த், அ, ம், இ, ழ் என ஒலியன்கள் 5. நிரல் சொன்ன 5 ஒலியனைத்தான் குறிக்கிறது என ஒருவர் நம்பிவிட இடமுண்டு. கருவியே அவ்வாறு விளக்கம் தரவும் கூடும். இது தற்செயல் ஒற்றுமை. நிரல் எண்ணியது குறியெண்களை. மரம் என்பதில் குறியெண்கள் 4, ஒலியன்கள் 5. அம்மா என்பதில் குறியெண்கள் 5, ஒலியன்கள் 4. அகர உயிர்மெய்க்குக் குறியெண் ஒன்று, ஒலியன் இரண்டு. புள்ளி எழுத்துக்குக் குறியெண் இரண்டு, ஒலியன் ஒன்று. இரண்டும் ஒரு சொல்லில் சம அளவில் வந்தால் கணக்கு பொருந்திவிடுகிறது. தமிழ் என்னும் சொல்லையே சோதனைச் சொல்லாகக் கொள்ளும் பழக்கமுடையோர் இங்கு ஏமாறுவர்.

ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே குறியெண் தரும் அனைத்து எழுத்துருக் குறியாக்கத்தையும் 2010இல் தமிழ்நாட்டு அரசு ஒருங்குறியுடன் ஏற்றபோது நடந்த விவாதங்கள் இச்சிக்கலைச் சார்ந்தவையே. ஒருங்குறியே உலகெங்கும் நிலைபெற்றுவிட்ட நிலையில், எழுத்துப் பிரிப்பு நிரலின் பொறுப்பாகிவிட்டது. ஓப்பன் தமிழ் என்னும் திறமூலப் பைத்தான் தொகுதியில் இதற்கான செயற்கூறு உள்ளது. அதைப் பயன்படுத்துமாறு கருவியிடம் பெயர் சொல்லிக் கேட்க வேண்டும். பெயர் தெரியாதவருக்காகக் கருவி தானே ஒரு பிரிப்பு முறையை எழுதித் தரும். அதுவும் சரியாக அமையலாம். மரம், அம்மா, கொடை, ஔவை, அஃது என ஐந்து சொற்களைக் கொடுத்துச் சோதிக்க ஒரு நிமிடம் ஆகும்.

முனையம் காட்டும் தமிழ்

தமிழ் வாசகருக்கு மட்டுமே நேரும் மற்றோர் இடர் உண்டு. ஆங்கில வழிகாட்டிகள் இதனைச் சொல்லாதது வியப்பன்று. தமிழில் எழுதப்படும் அறிமுகங்களேனும் சொல்லியிருக்க வேண்டும். முனையம் ஒவ்வோர் எழுத்துக்கும் ஒரே அகலமுள்ள கட்டத்தை ஒதுக்கும் பழைய முறையில் அமைந்தது. பல முனையங்களில் தமிழ் உயிர்மெய்கள் சிதைந்தே தோன்றும். கொம்பு மெய்க்குப் பின்னால் நிற்கும், புள்ளி தள்ளிப்போகும், சில இடங்களில் எழுத்து ஒன்றன்மேல் ஒன்று ஏறும். கோப்பில் ஒரு பிழையும் இராது.

இதைக் கண்ட தொடக்கநிலைப் பயனர், தமிழ் எழுத்துகள் உடைந்துள்ளன, சரிசெய்க எனக் கேட்பது இயல்பு. பணிவுமிக்க கருவி உடனே சரிசெய்ய முற்படும். குறியாக்கத்தை மாற்றிப் பார்க்கும். துணைக்குறிகளை இடம் மாற்றும் நிரல் எழுதும். திரையில் சரியாகத் தெரியும்வரை சரியான கோப்பு கெடுக்கப்படும். வெளியீட்டைக் கோப்பில் எழுதச் சொல்லி, அதனை இணைய உலாவியிலோ உரைத்தொகுப்பியிலோ திறந்து பார்த்தபின் முறையிடுவது என்னும் ஒரு வழக்கம் இவ்விடரைத் தடுத்துவிடும்.

மூலக்கோப்பின் படி ஒன்றைத் தனியே வைத்திருப்பதும், கிட் என்னும் பதிப்புக் கட்டுப்பாட்டில் ஒவ்வொரு நிலையையும் பதிவு செய்துகொள்வதும் இதனோடு சேர்ந்தவை. எய்டர் தான் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும் கிட்டில் தானே பதிவு செய்கிறது. ஏனைய கருவிகளில் அதனைக் கேட்டுச் செய்விக்கலாம். கிட் நிரலாளருக்குரிய கலைச்சொல்லாகவே வழிகாட்டிகளில் தலைகாட்டுகிறது. பாடவேறுபாடு பார்த்துப் பழகிய பதிப்பாய்வாளருக்கு அதன் கருத்து எளிதில் விளங்கும்: எந்தப் படியில் எந்தப் பாடம் எப்போது நுழைந்தது என்னும் பதிவு அது.

கோப்புறையும் தகவலாளரும்

கருவி எந்தக் கோப்புறையில் தொடங்கப்படுகிறதோ அதுவே அதன் வேலையிடம். கோப்புகளைப் படிக்க அது தயங்காது என்பது முன்பே சுட்டப்பட்டது. படித்தவை நிறுவனத்தின் வழங்கிக்கு அனுப்பப்பட்டே விடை உருவாகிறது. திருக்குறளுக்கு இதனால் இழப்பில்லை. வாய்மொழி வழக்காறுகளையும் கிளைமொழிகளையும் ஆராய்வோரின் கோப்புறை அத்தகையதன்று. தகவலாளரின் பெயர், ஊர், சாதி, குரல்பதிவின் எழுத்துவடிவம், சில நேரங்களில் நம்பிச் சொன்ன குடும்பச் செய்தி எல்லாம் ஒரே கோப்புறையில் கிடக்கும். அவர்கள் ஒப்புதல் அளித்தது ஆய்வாளருக்கு. திட்டக் கோப்புறைக்குச் செல்க என்னும் ஒரு வரிக்கு முன்பாக, வேண்டிய கோப்புகளை மட்டும் கொண்ட புதிய கோப்புறை ஒன்றை உருவாக்குக என்னும் வரி கட்டாயம் இடம்பெற வேண்டும். மலைபடுகடாத்தின் பன்றிப்பொறிக்கு ஒப்பான இடம் இது. ஒருமுறை கால் வைத்தபின் எச்சரித்துப் பயனில்லை.

செலவு பற்றியும் ஒரு சொல். இக்கருவிகள் உரையை டோக்கன் என்னும் சிறு கூறுகளாகப் பிரித்து அளக்கின்றன. ஒரே செய்திக்கு ஆங்கிலத்தைவிடத் தமிழுக்குக் கூறுகள் மிகுதியாகின்றன. நூல் முழுவதையும் உரையாடலில் ஒட்டிக் கேட்பதைவிட, கோப்பாக வைத்து, அதனைக் கையாளும் நிரலை எழுதச் சொல்வது சிக்கனம். எண்ணும் வேலையைக் கருவியின் நினைவுக்கு விடாமல் நிரலுக்கு விடுவதால் துல்லியமும் கூடும்.

குறிப்புக் கோப்பு

கருவி ஒவ்வொரு முறை தொடங்கும்போதும் தானே படித்துக்கொள்ளும் குறிப்புக் கோப்பு ஒன்றைத் திட்டக் கோப்புறையில் வைக்கும் ஏற்பாடு இக்கருவிகளில் உண்டு. கிளாட் கோடும் ஜெமினியும் தத்தம் பெயரிலேயே அக்கோப்பைத் தேடுகின்றன. கோடெக்ஸ் முகவர்கள் என்னும் பொதுப்பெயரில் தேடுகிறது. நிரல் திட்டத்தின் கட்டமைப்பு, சோதனைக் கட்டளை, எழுத்துநடை விதி ஆகியவற்றை அதில் எழுதுமாறு வழிகாட்டிகள் பரிந்துரைக்கின்றன. தொடக்க ஏற்பாட்டுக்கெனத் தரப்பட்ட கட்டளையை இட்டால் கருவியே ஒரு வரைவை எழுதியும் தருகிறது. தமிழாய்வாளர் அவ்வரைவை ஏற்பதற்கு முன் தாமே சில வரிகளை எழுதிக்கொள்ள வேண்டும்.

சொல் என்பது இவ்வாய்வில் எதைக் குறிக்கிறது: சீரா, சந்தி பிரித்த சொல்லா, பகுதியா? சந்தி பிரிப்பு எந்தப் பதிப்பைத் தழுவியது? எழுத்து என்பது நெடுங்கணக்கு எழுத்தா, ஒலியனா? குற்றியலுகரம் தனியே எண்ணப்படுமா? தொல்காப்பியம் சார்பெழுத்தை மூன்றாகவும் நன்னூல் பத்தாகவும் கொள்வதால் இவ்வினாவுக்கு விடை எழுதாமல் எண்ணத் தொடங்கவே இயலாது. வரிசை நெடுங்கணக்கின்படி அமைய வேண்டும். மூலக்கோப்பில் கை வைக்கக் கூடாது. வெளியீடு ஒவ்வொன்றும் கோப்பில் எழுதப்பட வேண்டும். மொத்தச் சீர் 9310 ஆக வராவிட்டால் பட்டியலை வெளியிடாமல் நிறுத்திக் காரணம் சொல்ல வேண்டும்.

இவ்வரிகளைத் தமிழிலேயே எழுதலாம். எழுதி முடிக்க அரைநாள் ஆகக்கூடும். அவ்வரைநாளில் கருவி ஒருமுறையும் இயக்கப்பட்டிராது. ஆய்வேட்டின் பின்னிணைப்பில் நிரலோடு இக்கோப்பும், அது மாற்றப்பட்ட நாட்களின் பதிவும் சேருமானால், சொல் என்று எதனைக் கொண்டீர் எனப் புறத்தேர்வாளர் வினவும்போது வாய்மொழித் தேர்வில் திறந்து காட்ட ஒரு பக்கம் இருக்கும்.